பந்துக்குப் பழகும் கை

மார்ச் 3, செவ்வாய்

இன்று அறுபத்தோரு மனை. தொண்ணூறு வரைந்திருக்க வேண்டும். வானிலிருந்து எடுத்த படத்தின் மேல் நில எல்லைகளுக்குக் கோடு போடுவதுதான் என் பிழைப்பு. பதினொரு வருஷம் மௌஸ் பிடித்த மணிக்கட்டு, இப்போது தொட்டாலே சுள்ளென்கிறது.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேம்மா. எண்ணிக்கை ஏறலன்னா ஆவண அறைக்கு மாத்தறதத் தவிர வேற வழியில்ல" என்றார் எங்கள் பிரிவுத் தலைவர். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தன்மையாகச் சொல்லித் தொலைத்தார்.

கோப்பு அடுக்குவதா? நானா?

மார்ச் 5, வியாழன்

தங்கை ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறாள். தன் பழைய டிராக்பாலைக் கொண்டுவந்து கொடுத்தாள். மௌஸைவிடப் பெருத்த உடம்பு, நடுவில் ஒரு சிவப்புப் பந்து. "கைய நகத்தாத. பந்த மட்டும் விரலால உருட்டு. அவ்ளோதான்க்கா."

அவ்வளவுதானாம்!

மார்ச் 6, வெள்ளி

பழக்கதோஷம் யாரை விட்டது. பந்தை உருட்டாமல் பெட்டியையே மேசைமேல் தள்ளிக்கொண்டு போய், தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்தேன். பக்கத்து இருக்கைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். மௌஸை வைத்து ஒரே நாளில் நூற்றிருபது மனை வரைபவன். 'புலி' என்றுதான் கூப்பிடுவோம். "என்னக்கா, இந்த வயசுல கோலி விளையாட்டு?"

நாற்பத்தெட்டு மனை. கழிவறையில் போய் அழுதேன்.

மார்ச் 9, திங்கள்

ஐம்பத்திரண்டு. அம்புக்குறியை வேலியோரம் நிறுத்தச் சொன்னால் அடுத்த தெருவில் போய் நிற்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

அடேயப்பா, இந்தப் பந்து!

இன்று ஏரிக்கரை வரைந்தேன். நெளிவுக்கு நெளிவு ஒரு புள்ளி, முந்நூறு புள்ளிக்கு மேல். மௌஸில் ஒவ்வொரு சொடுக்குக்கும் கை லேசாக அசையும், புள்ளி கரையைவிட்டுத் தண்ணீரில் விழும், திரும்ப வைக்க வேண்டும். பந்திலோ, விரலை எடுத்துவிட்டால் அம்புக்குறி வைத்த இடத்தில் அப்படியே நிற்கிறது. நிதானமாகக் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினேன். ஒரு புள்ளிகூட நகரவில்லை. மௌஸைப் போல இடம் போதாமல் தூக்கித் தூக்கி வைக்கவும் வேண்டாம். கை பாட்டுக்குப் படுத்திருக்கிறது, விரல்தான் ஊர் சுற்றுகிறது.

எழுபத்தொன்பது. வலி? மதியம் வரை அதை நினைக்கவே இல்லை.

மார்ச் 20, வெள்ளி

நியாயத்தையும் எழுத வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஒரு வடிவத்தை இழுத்துப் போக மௌஸ்தான் ராஜா. பந்தில் அதற்கு விரல் பத்தவில்லை. புலி இழுப்பதை வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே இழுப்பு, கோடு கோட்டோடு போய்ப் பொருந்திவிடும். என் கண்ணே பட்டுவிடும்.

மார்ச் 24, செவ்வாய்

பந்து சிக்கிச் சிக்கி உருண்டது. அடியிலிருந்து பென்சிலால் தள்ளி வெளியே எடுத்தால், உள்ளே ஒரு தலையணைப் பஞ்சு அளவுக்கு அழுக்கு. துடைத்ததும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

மார்ச் 31, செவ்வாய்

தொண்ணூற்று மூன்று! தலைவர் கணக்குத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்கயே இருங்கம்மா."

தங்கைக்குப் போன் செய்து உளறினேன். அவளும் சேர்ந்து கத்தினாள்.

ஏப்ரல் 8, புதன்

புலி எழுபது மனைதான். கேட்டால் "தலைவலிக்கா" என்றான். டீ டம்ளரை இடது கையால் எடுத்தான். தலைவலிக்கு வலது கை என்ன செய்யும்?

ஏப்ரல் 10, வெள்ளி

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் என் பந்து ஆமையாக நகர்கிறது. அம்புக்குறியின் வேகத்தை யாரோ அடிமட்டத்துக்குக் குறைத்திருக்கிறார்கள். முதன்முதலாகப் பந்தைத் தொடுபவருக்குத்தான் அந்த வேகம் வேண்டும். திரையில் ஒரு வெற்றுப் படம், அதில் கோணல்மாணலாக ஒரு குளம்.

பக்கத்தில் புலி தன் திரையையே முறைத்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது. 'வாயத் தொறந்து கேட்டா கொறஞ்சா போயிடுவே?' என்று நாக்கு நுனி வரை வந்தது. கழிவறைக்குப் போய் அழுதவள் நான். அவனிடம் சொல்லிவிட்டா போனேன்?

குளத்தை அழிக்காமல் சேமித்து வைத்தேன்.

"தம்பி, திங்கக்கிழமையிலேருந்து நான் வெளிய போய்ச் சாப்பிடப் போறேன். திரும்பி வர முழுசா ஒரு மணி நேரம் ஆவும்."

அவன் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே "சரிக்கா" என்றான்.