உப்பில்லாத பத்து நாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

சிங்கப்பூரிலிருந்து இளவரசன். நான் நலம். உனக்குச் சளி விட்டதா? பூலாம்பாடியில் மக்காச்சோள அறுவடை முடிந்ததா? போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய்; அதனால்தான் கடிதம்.

எங்கள் விடுதியில் ஆணழகன் போட்டி வைக்கிறார்கள். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். தசை எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று பத்து நாளாக உப்பை விட்டிருந்தேன். சமையல்காரர் பிச்சமுத்து அண்ணன் ஜெயங்கொண்டத்துக்காரர். கேலி செய்வாரே என்று பயந்து, "மாரியம்மனுக்கு விரதம்ண்ணே" என்று சொல்லிவைத்தேன். தினமும் எனக்கென்று உப்பில்லாமல் ஆக்கிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை எடை தூக்கும்போது லேசாகத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். வேறொன்றுமில்லை. அண்ணன் ஓடிவந்து, "அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், குடிடா" என்று உப்புப் போட்ட கஞ்சியை நீட்டினார். விரதமெல்லாம் இல்லை, போட்டிக்காகத்தான் என்று சொல்லிவிட்டேன்.

"அடப்பாவி! நீ ஒண்டியா விரதம் இருக்கியேன்னு நானும்ல பத்து நாளா உப்பில்லாம திங்கிறேன்!"

திட்டிக்கொண்டே அவரும் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டார். இத்தனை நாளும் எதைத் தின்றாலும் மனசு போட்டி மேடையிலேயே நின்றதம்மா. அன்றைக்குத்தான் கஞ்சி குடிக்கும்போது கஞ்சி மட்டும் குடித்தேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. யாராவது இங்கே வந்தால் வெங்காய வடகம் கொடுத்தனுப்பு, அண்ணனுக்கும் சேர்த்து. அப்படியே உன் போட்டோ ஒன்று, பழசானாலும் பரவாயில்லை. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு எனக்காக நீ விரதம் ஆரம்பிக்காதே. உப்புப் போட்டுச் சாப்பிடு.

உன் மகன்,
இளவரசன்