சந்தைப்பேட்டை பெண்கள் கழிப்பறையைத் திங்கட்கிழமை இடிக்க வேண்டாம்

அனுப்புநர்:
மு. ஆபிதா,
நாதியா தையலகம்,
சந்தைப்பேட்டைத் தெரு,
நாச்சியார்பட்டணம், காரைக்குடி வழி,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
நாச்சியார்பட்டணம்.

பொருள்: சுற்றுலா வாகன நிறுத்தத்துக்காகச் சந்தைப்பேட்டை பெண்கள் கழிப்பறையை இடிக்க இருப்பதை நிறுத்தி வைக்கவும், நகர வளர்ச்சித் திட்டத்தின் முன்னுரிமை வரிசையை மாற்றவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சந்தைப்பேட்டையில் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள் நான். பதற்றத்தில் எழுதுவதால் வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. நேற்று கழிப்பறைச் சுவரில் சிவப்புச் சாயத்தால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தங்கள் அலுவலகத்துக்கு ஓடிவந்து விசாரித்தேன். திங்கட்கிழமை இடிக்கும் இயந்திரம் வருகிறது, புதிய கழிப்பறை திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார்கள். இரண்டாம் கட்டம் எப்போது என்று கேட்டதற்கு மேலே போய்க் கேட்கச் சொன்னார்கள். மேலே போனேன், கீழே கேட்கச் சொன்னார்கள்.

2. என் மகள் சனாவை ஏழாம் மாதம் என்று எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். எனக்குப் பார்வை மங்கிவிட்டதால் கடையில் துணி வெட்டுவது அவள்தான். எங்கள் கடைகளில் கழிப்பறை கிடையாது, பெண்களுக்கு இருப்பது இந்த ஒன்றுதான். அவள் ஏற்கெனவே சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தாள். தண்ணீர் குடிக்காவிட்டால் பிள்ளைக்கும் ஆகாது என்று காரைக்குடி டாக்டரம்மா கண்டித்து அனுப்பினார். சுவரில் குறி போட்டதைப் பார்த்ததிலிருந்து அவள் பாட்டிலைத் தொடுவதே இல்லை. போக இடமில்லாமல் போகுமே, இப்போதே பழகிக்கொள்கிறேன் என்கிறாள். ஐயா, நோன்பு மாதத்தில் நாங்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது இறைவனுக்காக. மற்ற மாதங்களிலும் அப்படி இருக்கச் சொன்னால் அது யாருக்காக? எனக்குத் தூக்கம் போய்விட்டது.

3. பொதுமக்கள் கழிப்பறை கேட்கவில்லை என்று திட்டத்தில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அது எப்படி நடந்தது என்று நான் சொல்லியாக வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் செட்டியார் வீடு ஒன்றின் கல்யாணக் கொட்டகையில் நடந்தது. பலகையில் அலங்கார விளக்கு, வாகன நிறுத்தம், கழிப்பறை என்று படங்கள் வைத்து, ஆளுக்கொரு வண்ணப் பொட்டைக் கையில் கொடுத்து, எது முதலில் வேண்டுமோ அதன்மேல் ஒட்டச் சொன்னார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்து நாற்காலியில் வர்த்தகர் சங்கச் செயலாளர் கலீல் ரகுமான் அமர்ந்திருந்தார். அவர் சனாவின் மாமனார், என் சம்பந்தி. சம்பந்தி பார்க்கக் கக்கூஸ் படத்தில் பொட்டு ஒட்டுகிற பெண் எந்த ஊரில் இருக்கிறாள்? நான் அலங்கார விளக்கில் ஒட்டினேன். காய்கறிக் கடை நீலாயதாட்சிக்கும் அங்கே கொழுந்தன் முறையில் ஒருவர் நின்றார், அவளும் விளக்கில் ஒட்டினாள். அவளிடம் கூட்டம் நடத்த வந்த அதிகாரியம்மா வேறு ஏதாவது குறை உண்டா என்று தனியாகக் கேட்டார்கள். வந்த விருந்தாளியிடம் குறை சொல்வது முறையா என்று நினைத்து அவள், "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல, நீங்க மொதல்ல காப்பியக் குடிங்க" என்று சொல்லிவிட்டாள். அதையும் எழுதிக்கொண்டார்களாம்.

4. விளக்கும் வேண்டாம், சுற்றுலாவும் வேண்டாம் என்று நான் மறிக்கவில்லை. வெளியூர்ப் பெண்கள் கண்டாங்கிச் சேலை எடுத்த கையோடு என்னிடம்தான் ரவிக்கை தைக்க வருகிறார்கள். அளவு கொடுத்துவிட்டு அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, பாத்ரூம் எங்கே என்பதுதான். அங்குட்டு என்று இந்தக் கழிப்பறையைத்தான் கை காட்டுகிறேன். வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்களுக்கும் இது வேண்டும் என்பதைத் திட்டம் போட்டவர்கள் எப்படி மறந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

5. இந்த மனுவில் சங்கத்தின் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்று நீலாயதாட்சி சொன்னதால், வேறு வழியின்றி இதுவரை எழுதியதைச் சம்பந்தியிடமே கொண்டுபோனேன். அவர் படித்து முடிக்கும்வரை நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதைச் சொல்ல எதுக்குச் சம்பந்தி இம்புட்டுக் கூச்சப்பட்டீக? எங்க கடையிலயும் பொம்பளைப் பிள்ளைக வேலை பாக்குதுக. நானும் விளக்குலதான ஒட்டுனேன்" என்றார். அவருக்கும் முகம் சுண்டிப்போயிருந்தது.

ஆகவே, புதிய கழிப்பறை கட்டித் திறக்கும்வரை பழையதை இடிக்காமல் இருக்க உத்தரவிட வேண்டுகிறேன். வாகன நிறுத்தத்துக்குக் கோவிலூர் சாலையில் நகராட்சிப் புறம்போக்கு முள்மண்டிக் கிடக்கிறது, அதைப் பரிசீலிக்க வேண்டும். பெண்களிடம் மறுபடி கருத்துக் கேட்பதானால், எங்கள் கடைக்கே ஒரு பெண் அதிகாரியை அனுப்பி, ஆண்கள் யாரும் இல்லாதபோது கேளுங்கள்.

தாங்கள் கவனிக்க இன்னும் ஒன்று. திங்கட்கிழமை எங்கள் ஊரில் சந்தை. சுற்றுப்பட்டியிலிருந்து காய்கறிக் கூடையோடு வரும் பெண்கள் காலையிலேயே அந்த வாசலில் நிற்பார்கள். அன்று நானும் சனாவைக் கைப்பிடித்து அங்கேதான் நிற்பேன். இயந்திரத்தோடு வருகிறவர்கள் அதை மறியல் என்று எழுதிவிட வேண்டாம், ஐயா. அது வரிசை. எங்கள் முறை வந்து நாங்கள் போய்வரும்வரை அவர்கள் காத்திருக்கட்டும்.

இடம்: நாச்சியார்பட்டணம்
நாள்: 14.11.2025

தங்கள் பதிலை எண்ணிக் கவலையோடு இருக்கும்,
மு. ஆபிதா

உடன் கையெழுத்திடுவோர்:
கலீல் ரகுமான், செயலாளர், வர்த்தகர் சங்கம்
நீலாயதாட்சி, காய்கறிக் கடை