கனகாவின் சுபாவம்

கனகா பேசத் தொடங்கியிருக்கிறாள். முதலில் சொன்னது அவள் மகள் மோகனா. தடாவுக்குப் பக்கத்தில் தான் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து, நேற்று சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டுச் சொன்னாள். ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் பொதுவான பழக்கம், மேடம். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் போனைக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். சாயங்காலம் கொடுத்தாள்.

“யாரு, பேப்பர்காரரா? இன்னும் எழுதிக்கினுதான் கீறீங்களா, இல்ல வூட்ல குந்த வெச்சிட்டாங்களா?”

அந்தக் குரலில் ஒரு முழு வாக்கியத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

சித்தூர் பைபாஸ் ஓரம் நின்று பேசிக்கொண்டிருந்தேன். மாம்பழக் கூழ் ஆலைகள் ஓடும் மாதம். காய் ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் வரிசையில் நிற்கின்றன. ஊர் முழுக்கப் புளித்த பழ வாசனை. நாம் முதல்முறை சேர்ந்து பிச்சாட்டூர் பக்கம் போனதும் இப்படி ஒரு மாதத்தில்தான். பஸ்ஸில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மாம்பழம் பிடிக்கும், மாம்பழ வாசனை பிடிக்காது. இது எந்தக் குணத்துல சேரும், ரிப்போட்டர்காரு?” என்று கேட்டீர்கள். சித்தூர்க்காரருக்கு அந்த வாசனை பிடிக்காமல் போனால் அது நோய்தான் என்றேன். திருப்பதியில் பாடம் நடத்துகிறவர் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாரா என்று கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஊர் ஊராக ஆண்கள் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களைப் பற்றி எழுத என்னைப் பத்திரிகை அனுப்பியது. ஊரிலேயே தங்கிவிட்ட அவர்கள் மனைவிமாரின் மனநிலையை ஆராய நீங்கள் வந்திருந்தீர்கள். எனக்குக் கிடைத்த முகவரிகளும் உங்களுக்குக் கிடைத்தவையும் ஒன்றாகவே இருந்ததால் ஒரே பஸ்ஸில் போவதென்று ஆனது.

உங்கள் கேள்விகள் ஆங்கிலத்தில் பிறந்து, திருப்பதியில் தெலுங்காகி, எல்லைக் கிராமங்களுக்காக உங்கள் கையால் தமிழானவை. “நீங்கள் எப்படிப்பட்டவர்?” என்று ஒரு பெண்ணிடம் கேட்டபோது அவள் முறத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்: “அத்த ஏன்மா என்னக் கேக்கற? எங்க மாமியாரக் கேளு. அவங்கதான் தெரு முழுக்கச் சொல்லிக்கினு வர்றாங்க.” நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தீர்கள். ஆனால் திரும்பும் வழியில் அதையே யோசித்துக்கொண்டு வந்தீர்கள். ஒருத்தி எப்படிப்பட்டவள் என்பதை அவளைத் தவிர எல்லோரும் சொல்கிற ஊரில் எதை நம்புவது?

அதற்கு நீங்கள் கண்ட வழி இரண்டு வீட்டிலும் கேட்பது. “நோய்க்கு ஒரு தொடக்கம் இருக்கும். சுபாவத்துக்கு இருக்காது. தொடக்கத்துக்கு முன்னாடி பாத்தவங்க பொறந்த வீட்டுலதான் இருப்பாங்க” என்றீர்கள். புகுந்த வீட்டில் கேட்டதைப் பிறந்த வீட்டில் சரிபார்ப்பது எங்கள் தொழிலில் இரண்டாவது ஆளிடம் உறுதி செய்துகொள்வது போலத்தான். எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று.

கனகாவைப் பார்த்தது பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில். புழக்கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி எத்தனை நாளாயிற்றோ. நடக்கப் பழகிவிட்ட மோகனா அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்டதற்கு ஒரு சொல் வந்தது. பல கேள்விக்கு அதுவும் வரவில்லை. புருஷன் குவைத்தில்.

“குவைத்துக்குப் போனதாலே இப்படி ஆனாங்களா?” என்று கேட்டீர்கள்.

“அவன் போறதுக்கு மின்னாடியே அப்டிதாம்மா. கட்டிக்கினு வந்த நாளா ஊம. போட்டா துன்னுவா, போடலன்னா கேக்க மாட்டா” என்றாள் மாமியார்.

உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த உட்காரும் விதம் சுபாவமல்ல என்று ஏரிக்கரையில் என்னிடம் சொன்னீர்கள். தாய் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், ஊத்துக்கோட்டை அருகில். போகலாம் என்றதும் மாமியார் தானாகவே ஏற்பாடு செய்தாள். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. இந்த வீட்டு ஆள் ஒருவர் துணை இல்லாமல் அனுப்புவதும் மரியாதை இல்லை. பூவும் வாழைப்பழமும் வாங்கி, தன் தம்பியிடம் கொடுத்து நம்மோடு அனுப்பினாள். “என்ன பண்பு பாருங்க” என்று நீங்கள் மெச்சினீர்கள்.

அங்கே மாமியாரின் தம்பி நாற்காலியில் உட்கார்ந்தார். கனகாவின் அம்மா கதவோரம் நின்றாள். கல்யாணத்துக்கு முன்னால் மகள் எப்படி இருந்தாள் என்று கேட்டீர்கள். அந்த அம்மா உங்களைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்:

“சின்னப் புள்ளயில இருந்தே அப்டித்தாம்மா. வாயத் தொறக்க மாட்டா.”

“பாத்தீங்களா, எங்க அக்கா பொய் சொல்ல மாட்டாங்க” என்று தம்பிக்காரர் பழத்தை எடுத்து வைத்தார்.

இரண்டு வீடும் ஒரே பதில். திரும்பி வந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “இது நோய் இல்லம்மா, அவங்க சுபாவம். திட்டாதீங்க. அது போதும்.” அன்பினால் சொன்னீர்கள். அந்த வீட்டில் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். அதன்பிறகு கனகாவை யாரும் திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்கும் யாரும் அழைத்துப் போகவில்லை.

சில வருடங்கள் கழித்து ஊத்துக்கோட்டையில் வேறொரு பெண்ணைப் பார்க்கப் போனோம். பேச்சுவாக்கில் கனகாவோடு படித்தவள் என்று தெரிந்தது.

“கனகாவா? ஐயோ, அவ வாயி! வாத்தியார் அவள பெஞ்சு பெஞ்சா மாத்திக் குந்த வெப்பாரு. எங்க குந்துனாலும் அங்க ஒரு சந்த கூடிரும். இப்ப எப்டி கீறா? புருஷன் காதுல பஞ்சு வெச்சிக்கினுதானே குவைத்துக்கு ஓடிருப்பான்?”

குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு எழுந்தீர்கள். கனகாவின் தாய் வீட்டுக்கு இந்த முறை தனியாகப் போகிறேன் என்றீர்கள். நான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். திரும்பி வந்து, அந்த அம்மா சொன்னதை அவள் பேச்சிலேயே சொன்னீர்கள்:

“மாறிட்டான்னு சொன்னா அது நோவும்மா. நோவுக்காரிய மறச்சிக் கட்டிக் குடுத்துட்டீங்கன்னு வூட்டுக்கு அனுப்பிருவாங்க. எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு கீது. பொறந்ததுல இருந்தே அப்டின்னா அது கொணம். கொணத்துக்கு யார இன்னா பண்ண முடியும்? அன்னிக்கி அந்த மனுசன் எதிருல குந்திக்கினு கீறாரு. நான் வேற இன்னா சொல்லட்டும்?”

குழந்தை பிறந்த பிறகுதான் பேச்சு ஒடுங்கிப்போனது என்பதையும் அன்றுதான் சொல்லியிருக்கிறாள். அது உங்களுக்குத் தெரிந்திருந்தால் முதல் நாளே திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பீர்கள். “கேள்வியில தப்பில்ல, ரிப்போட்டர்காரு. யார் எதிர்ல கேட்டேன்றதுலதான் எல்லாமே போச்சு” என்றீர்கள்.

பிறகு அந்த வீட்டுக்கு எத்தனை தடவை நடந்தீர்கள்! மாமியார் மோர் கொடுப்பாள், உட்காரச் சொல்வாள், அவ்வளவுதான். “அன்னிக்கி நீதானே நோவு இல்லன்ன? இன்னிக்கி நோவுன்ற. ஏதாச்சும் ஒரு பேச்சு பேசும்மா.” தாய் சொன்னதை அவளிடம் சொல்ல முடியாது, சொன்னால் தாய் பயந்தது நடந்துவிடும். லீவில் வந்த புருஷனிடம் பேசிப் பார்த்தீர்கள். அவன் சத்தம் போடவில்லை. “என் பொண்டாட்டிய மென்டல்னு எழுதப் போறீங்களா மேடம்? அவ பாட்டுக்கு ஒரு மூலையில கீறா. வுட்டுருங்க” என்றான். வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

அதன்பின் உங்கள் வேலை மாறிவிட்டது. கிராமங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு வகுப்போடு நின்றீர்கள். மாணவர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு பேட்டியிலும் “கேட்டப்போ யாரெல்லாம் உக்காந்திருந்தாங்க?” என்றுதான் முதலில் கேட்பீர்களாம். உங்களுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தேன். உங்களைப் பற்றிப் பேச விடவில்லை. “பிச்சாட்டூர் பக்கம் போனீங்களா?” என்று மட்டும் கேட்டீர்கள். போயிருந்தேன். சுவரைப் பார்த்து அதே இடத்தில் இருந்தாள் என்பதைச் சொல்லவேண்டியிருந்தது. தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நாம் பேசியது அவ்வளவுதான்.

மாமியார் இறந்துவிட்டாள். மோகனா படித்து, கம்பெனி பஸ் ஏறி, சொந்தச் சம்பளம் வாங்கத் தொடங்கினாள். அம்மாவைத் திருப்பதியில் மனநல டாக்டரிடம் அவளேதான் அழைத்துப் போனாள். “நைனா வேணான்னு சொல்லல சார், வர்றேன்னும் சொல்லல” என்றாள். மாத்திரை பிடிக்க மாதங்கள் ஆயின. முதலில் தூக்கம் வந்தது, பிறகு பசி. பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரியின் கோழி உள்ளே வந்ததற்கு வாசலில் நின்று ஒரு சண்டை. மோகனா அதைச் சொல்லும்போது அழுதாள். இவ்வளவு காலம் கழித்து எவ்வளவு மீளும் என்று டாக்டர் உறுதி தரவில்லை. சில நாட்களில் பழையபடி சுவர்ப் பக்கம் போய்விடுகிறாளாம். வீணாகப் போன வருடங்களைப் பற்றி டாக்டரிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

நேற்றுப் பேசும்போது கனகா உங்களை விசாரித்தாள். “உங்ககூட வரும் பாரு ஒரு அம்மா, எதித்தாப்புல தரையில குந்திக்கினு, நான் பேசலன்னாலும் எழுந்து போவாது. அது எப்டி கீது?” நீங்கள் இல்லை என்று சொன்னேன். வெகுநேரம் சத்தமே வரவில்லை. பழைய மௌனத்துக்கே போய்விட்டாளோ என்று பயந்தேன். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நல்லா கேக்கும் அது” என்றாள்.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும், யார் நாற்காலியில் இருக்கிறார், யார் கதவோரம் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். சில சமயம் கேட்காமலே திரும்பி, இன்னொரு நாள் போகிறேன்.

மோகனாவுக்கு வரன் பேசுகிறார்கள். சத்தியவேடு பக்கத்துக் குடும்பம். அம்மாவுக்கு என்ன என்பதை, சாப்பிடும் மாத்திரையை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருக்கிறாள். கனகா ஒப்பவில்லை. போனைத் திரும்ப வாங்கியபிறகு மோகனா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“‘நோவுன்னு சொல்லாதடீ, உன்ன வேணான்னுருவாங்க. எங்கம்மா பொறந்ததுல இருந்தே பேச மாட்டாங்கன்னு சொல்லிரு. அன்னிக்கி ஒரு நாளு நான் வாயத் தொறக்காம குந்திக்கினு கீறேன்’னு சொல்றாங்க சார். மேடம் இருந்தா இன்னா சொல்லிருப்பாங்க?”

உங்கள் சார்பில் பதில் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

ஆடி முடிந்து, ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அன்று கனகா பேசுவாளா என்பது இதுவரை உறுதியாகவில்லை.