மூலை மனையும் ஒரு கையெழுத்தும்

மச்சான்,

இன்று காலை தங்கச்சி, அதாவது உன் மனைவி, ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தது. "அண்ணே, பரண சுத்தம் பண்ணேன். அவுரோட பாட புஸ்தகம். எலி கடிக்கிறதுக்குள்ள நீங்க வெச்சிக்கிங்க" என்றது. பையைத் திறந்ததும் நாப்தலின் உருண்டை வாசனையும் பழைய ஜெராக்ஸ் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. முப்பத்தைந்து வயதில், அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன் என்று சனிக்கிழமைதோறும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாயே, அந்தப் பாடங்கள். ஒரு பக்கத்தின் முனை மடிந்திருந்தது. செரோக்கி மக்களைப் பற்றிய பாடம். ஓரத்தில் பென்சிலால், "ஊர்க்கூட்டத்தில் சொல்லணும்" என்று எழுதியிருக்கிறாய்.

படித்து எந்த ஆபீசில் உட்காரப் போகிறாய் என்று உன்னை நான் செய்யாத கிண்டலா! ஆனால் வகுப்பு முடிந்து நீ வரும்வரை குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டில் சைக்கிளோடு காத்திருந்ததும் நான்தான். நம் நிலமும் வீடும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகப் போகிறது என்று நோட்டீஸ் வந்திருந்த சமயம் அது. அப்படி ஒரு சனிக்கிழமை நீ பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் சொன்னாய். அமெரிக்காவில் செரோக்கி என்று ஒரு மக்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்த மண். தங்கள் பாஷைக்கு எழுத்து உண்டாக்கி, அதில் பத்திரிகையும் நடத்தினார்கள். நிலத்தை விடமாட்டோம் என்று பெரிய கோர்ட்டுவரை போனார்கள், தீர்ப்பும் சாதகமாக வந்தது. அப்படியும் பட்டாளத்தை அனுப்பித் துரத்தினார்கள். குளிர்காலத்தில் மேற்கே நடத்தியே கூட்டிப் போனதில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

"கோர்ட்டுல ஜெயிச்சவங்களையா?" என்று சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

"ஆமாம் மச்சான். ஆனா போன எடத்துல திரும்பவும் பள்ளிக்கூடம் கட்டுனாங்க, பத்திரிக போட்டாங்க. இன்னிக்கும் அவுங்க செரோக்கிதான். நெலத்ததான் புடுங்க முடிஞ்சிது."

நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்றில்லை என்றும் நீயே சொன்னாய். நமக்கு மாற்று மனை உண்டு, துப்பாக்கி இல்லை. எதையும் ஊதிப் பெரிதாக்கிச் சொல்ல உனக்கு வராது.

மனைகளுக்குக் கடலூரில் குலுக்கல் நடந்தது. நாற்பத்தாறு குடும்பம், நாற்பத்தாறு சீட்டு. எனக்கு விழுந்தது மெயின் ரோட்டை ஒட்டிய மூலை மனை. நான் துள்ளிக் குதித்தேன். அந்த இடத்தில் டூவீலர் மெக்கானிக் கடை போட்டு, போர்டு மாட்டி, திறப்பு விழாவே மனசுக்குள் நடத்தி முடித்துவிட்டேன். மற்றவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே தெருவில் இருந்தவர்கள் மூலைக்கு ஒருவராகச் சிதறிப்போயிருந்தார்கள். நீ மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் லேஅவுட் நகலை விரித்து, பழைய ஊரில் யார் பக்கத்தில் யார் வீடு என்று எழுதிக்கொண்டிருந்தாய்.

சீட்டுகளை நமக்குள் மாற்றிக்கொண்டால் நம் ஊரின் இரண்டு தெருவும் பழையபடியே அமையும். இதுதான் உன் யோசனை. குலுக்கல் நடத்திய அதிகாரி நல்ல மனுஷன். "எனக்கு ஆட்சேபண இல்ல. ஆனா நாப்பத்தாறு பேரும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் மறுத்தாலும் லிஸ்ட் செல்லாது" என்றார். நீ ஊர்க்கூட்டத்தில் செரோக்கி கதையைச் சொன்னாய். இரண்டு நாளில் நாற்பத்தைந்து கையெழுத்து விழுந்தது.

போடாதவன் நான். உன் உயிர்த் தோழன், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவன். கணக்குப்படி மூலை மனை எதிர்த்தெரு முதல் வீட்டு வள்ளி அக்காவுக்குப் போகும், நான் உள்ளே உன் பக்கத்தில் வரவேண்டும்.

பழைய வீட்டுக் கூரையில் ஏறி ஓடு பிரித்துக்கொண்டிருந்தேன். நீ ஏணிக்குக் கீழே வந்து நின்றாய்.

"என்னா மச்சான், எறங்கி வா."

"என் சீட்டு, என் அதிர்ஷ்டம். ஒனக்கு என்னாத்துக்கு வவுத்தெரிச்சல்?"

நீ கோபப்படவில்லை. "அன்னிக்கி செரோக்கி கதையில ஒண்ண சொல்லாம வுட்டுட்டேன். அங்க ஒரு சின்ன கூட்டம், மத்தவங்க சம்மதமில்லாம ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்க. அத வெச்சித்தான் மொத்த சனத்தையும் தொரத்துனது. அங்க நாலு பேரு போட்ட கையெழுத்துல போச்சி. இங்க ஒரு ஆளு போடாத கையெழுத்துல போவப்போவுது. அவ்ளோதான். நான் வரேன்."

இறங்கிவந்து போட்டேன். மனம் மாறியெல்லாம் இல்லை மச்சான், ஆத்திரத்தில் போட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. அதற்கப்புறம் இருபது வருஷம் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கடலூர் போய், இன்னொருவர் ஷெட்டில் வண்டி கழற்றினேன். வள்ளி அக்காவின் இட்லிக் கடையில் கூட்டம் நெரியும் அந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் உன்னைத் திட்டாமல் போனதில்லை. உன்னிடமே சொல்லியும் இருக்கிறேன். நீ சிரிப்பாய்.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில் நீ போய்ச் சேர்ந்தாய். உன் வாசலில் உட்கார்ந்திருந்தேன். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வண்டியோடு தெருவுக்குள் வந்து, மூன்றாம் வீட்டு வாசலில் இறக்கினார். அந்த வீட்டுப் பெண், பிளஸ் டூ படிப்பவள், வெளியே வந்தாள்.

"அண்ணா, உள்ள வேணாம், ஓரமா வெச்சிட்டுப் போங்க. இன்னிக்கி எங்க தெருவுல யாரும் அடுப்பு பத்த வெக்க மாட்டாங்க. சாவு. எடுத்தப்புறம் எதிர்த்தெருவுலேர்ந்து சோறு வரும்."

"இதென்னாம்மா புதுசா இருக்கு?"

"புதுசில்ல. எங்க ஊரு வழக்கம்."

"எந்த ஊரு ஒங்களுக்கு?"

அவள் பிறந்ததே இங்கேதான். ஆனால் சுரங்கத்தின் பள்ளமாகிவிட்ட நம் ஊரின் பெயரைச் சட்டென்று சொன்னாள். நாலு வீடு தாண்டியிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் எழுந்து நின்று தெருவைப் பார்த்தேன். உன் லிஸ்டில் நீ எழுதிய அதே வரிசையில் வீடுகள். ஒன்றில்கூட அடுப்பெரியவில்லை. எதிர்த்தெருவில் வள்ளி அக்கா கடையைச் சாத்திவிட்டு, நமக்கெல்லாம் உலை வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அழுதேன் மச்சான், ஆனால் அது துக்கம் மட்டுமில்லை. பெருமையாக இருந்தது. நாற்பத்தாறு கையெழுத்தில் ஒன்று என்னுடையது. கிழிந்த காகிதமானாலும் அதில் நானும் போட்டிருக்கிறேன்.