பூ இல்லை என்று சொன்னேன்

என்னங்க,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கடிதத்திலும் இதுதான் வருகிறது. நீங்கள் போய் நாலு மாதமாகிவிட்டது. நம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உங்கள் நாற்காலியில் இப்போது பூனை படுக்கிறது. மகள் செல்வி ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறாள்.

நேற்று உங்கள் கெப்போங் காட்டுக்குப் போனேன். ஆமாம், நானேதான்! சிரிக்காதீர்கள். மினி பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஓடைக்கரையில் நீங்கள் உட்காரும் பாறையைத் தேடிப் பிடித்தேன்.

ரயில்வேயில் இருந்த இருபது வருடமும் ஞாயிறு தவறாமல் அங்கே போனீர்கள். எந்த மாதம் ஓடை வற்றுகிறது, எப்போது தளிர் சிவக்கிறது என்று நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதி வைப்பீர்கள். "இந்த ஊர்ல ரெண்டே காலம்தான் லா, வெயிலு, மழை. இதுக்கு ஒரு எழுத்தா?" என்று கேலி செய்வேன். "வந்து பாரு, அப்புறம் பேசு" என்பீர்கள். ஒரு நாளாவது வந்தேனா?

சர்க்கரையால் கால் போன பிறகு, பங்குனியில் என்னைக் கெஞ்சினீர்கள். "அந்தப் பெரிய மெராந்தி மரம் பூத்து ஆறு வருஷமாச்சு. இந்த வருஷம் பூக்கும்னு தோணுது. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்து சொல்றியா?"

நான் போகவில்லைங்க. பாசாரில் மீன் வாங்கி, அங்கேயே டீ குடித்து நேரத்தைக் கழித்துவிட்டு வந்து, "பூவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். காலில் ஏறும் காட்டு அட்டைக்குப் பயம் என்று சொல்லலாம். சோம்பல்தான், வேறென்ன? "சரி, அடுத்த வருஷம் பாப்போம்" என்றீர்கள். அடுத்த மாதமே போய்விட்டீர்கள்.

நேற்று பாறையைச் சுற்றிச் சிறகு வைத்த விதைகள் சுழன்று சுழன்று விழுந்தன. ஒன்று என் கொண்டையிலேயே விழுந்தது. அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் உங்கள் மனைவி என்று சொல்லி, இது என்ன என்று கேட்டேன்.

"மெராந்தி வெதை, அக்கா. நீங்க பங்குனில வந்திருக்கணும்! மரம் முழுக்கப் பூ. கொட்டுன கொட்டுல இந்தப் பாறையே தெரியல. ரயில்வே அண்ணே பாத்திருந்தா துள்ளிக் குதிச்சிருப்பாரு. எங்க அவரு, ஆளையே காணோம்?"

பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பாவம், அந்த மனிதர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நீங்கள் எழுதிய கடைசி நாள்காட்டித் தாளை எடுத்தேன். "மெராந்தி பூக்கவில்லை. செல்வி அம்மா நேரில் போய்ப் பார்த்தாள்." நேரில் என்று எழுதியிருக்கிறீர்களே! என்னை அவ்வளவு நம்பினீர்களா?

அதை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்: "பூத்தது. செல்வி அம்மா போகவில்லை."

இனி மாதா மாதம் போவேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவேன், சத்தியமாக.

ஆவணி. ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவு. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கியே பார்த்தேன்.

உங்கள்
செல்வி அம்மா