பதினைந்தாம் வசனம்

அன்புள்ள அம்மாவுக்கு, குவைத்திலிருந்து பியூலா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். போத்தனூரில் மழையா? உங்கள் மூட்டுவலி தேவலையா?

எனக்கு ஒன்றுமில்லை. வயிற்றில் இருந்தது மட்டும் போன வாரம் கலைந்துவிட்டது. இது மூன்றாவது.

புத்தாண்டன்று வேதாகமத்தில் ஆசீர்வாத அதிகாரத்தை வாசிக்கும்போது பதினான்காம் வசனத்தோடு நிறுத்திவிடுவீர்களே, நான் அதற்கு மேலும் வாசித்துவிட்டேன். கர்த்தரோடு செய்த உடன்படிக்கையை மீறினால் கர்ப்பத்துக்கும் சாபமாம். ஞாயிறன்று வேலை செய்யமாட்டேன் என்று திடப்படுத்தல் ஆராதனையில் சபைமுன் வாக்குக் கொடுத்தேன். இங்கே வெள்ளிதான் விடுமுறை. ஆறு வருடமாக ஞாயிறெல்லாம் ஆஸ்பத்திரியில் டியூட்டி.

"சாபத்தையெல்லாம் இயேசு சிலுவையில சுமந்துபோட்டாருங்க அம்மணி" என்று போனில் நம் ஆயர் சொன்னார். என்னுடையதை மட்டும் ஏன் விட்டுவிட்டார்?

யாராவது இங்கே வந்தால் சுக்கு கொடுத்தனுப்புங்கள். தொட்டிலுக்கு எடுத்துவைத்த சேலையை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது அம்மா. இன்று ஞாயிறு.

பியூலா