மேடையில் வாசிக்காத பிரகடனம்

ஒக்டோபர் 18, 1995. புதன்

காலையிலிருந்து மழை. சப்பாத்து இன்னும் காயவில்லை. கணக்கு வீட்டுப்பாடம் பாதி.

போர்வைக்குள் டோர்ச். பிரெஞ்சில் எழுதினால் அண்ணா எடுத்து வாசிப்பான். தமிழ் என்றால் அவனுக்கு எழுத்துக் கூட்டப் பொறுமை இல்லை.

இன்று வரலாற்று வகுப்பில் எங்கள் ஆசிரியை மதாம் எல்லோருக்கும் சுதந்திரப் பிரகடனத்தின் பிரதி கொடுத்தார். 30ஆம் தேதி வாக்கெடுப்பு: எங்கள் கெபெக் மாகாணம் கனடாவை விட்டுத் தனியாகப் போவதா, வேண்டாமா. ‘ஆம்’ வென்றால் முதலில் கனடாவோடு பேச்சுவார்த்தை, பிறகு இந்தப் பிரகடனம், பிறகு நாடு. மதாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினார். 27ஆம் தேதி மண்டபத்தில் ஆளுக்கொரு பத்தி வாசிக்க வேண்டும். அதற்கு முதல் நாள் ‘வேண்டாம்’ என்பவர்களின் பேச்சும் வாசிக்கிறார்கள்.

பனிக்காலத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. அதற்குக் கை தூக்கினேன். மதாம் அதைச் சோஃபிக்குக் கொடுத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பற்றிய பத்தியை எனக்குத் தந்தார். அன்பாகத்தான் தந்தார். காது சுட்டது.

ஒக்டோபர் 20, வெள்ளி

மத்தியானம் டூனா சான்ட்விச். குளிர்.

சோஃபி தானாகவே வந்தாள். "என்ர பத்திய நீ எடு. அந்த நீள வசனம் முடியிறதுக்குள்ள செத்துப்போவன்." மதாம் தலையாட்டினார். பனி இப்போது எனக்கு!!

வீட்டில் சொல்லவில்லை. அப்பா டவுன்டவுனில் ரெஸ்டோரண்ட் சமையலறையில் வேலை. நான் பள்ளிக்குப் போகும்போது தூக்கம், நான் வரும்போது வேலைக்குப் புறப்பாடு. சொல்லாமல் இருப்பது சுலபம்.

ஒக்டோபர் 21, சனி

பின்பக்க இரும்புப் படியில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துப் பழகினேன். கீழ் வீட்டு யன்னல் திறந்தது. மெஸ்யூ கஸ்தோன், சுருக்கமாக மெ.க. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், தனி ஆள். அவருடைய பல்கனியில் ‘ஆம்’ என்று எழுதிய பெரிய விளம்பர அட்டை.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "மெதுவா, சின்னவளே. பனி அவசரப்பட்டு விழாது" என்றார். திரும்ப வாசித்தேன். திரும்ப. நாலாவது தரம் அவர் மூக்கைச் சீறினார். தடிமன் என்றார்.

ஒக்டோபர் 24, செவ்வாய்

எல்லாம் போச்சு.

மெ.க. அப்பாவைப் படியில் மறித்து, கையைப் பிடித்துக் குலுக்கி, "உன் மகள்! மேடையில்! வெள்ளிக்கிழமை நானும் வருவேன்!" என்றாராம். அப்பாவின் பிரெஞ்சுக்கே அது விளங்கிவிட்டது.

அப்பா வேலைக்குப் போகாமல் மேலே ஏறி வந்தார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"மேடை, கையெழுத்து, கொடி. இந்த மூண்டுக்கும் கிட்டப் போகாத புள்ள."

"இது பள்ளிக்கூடம், அப்பா."

"அவன் வாசிச்சதும் பள்ளிக்கூடத்திலதான்."

சித்தப்பா. அப்பாவின் தம்பி. மட்டக்களப்பில் இருந்தவர், இப்போது இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை அப்பா இன்று சொன்னார். தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று ஒரு அறிக்கை. சித்தப்பாவுக்குத்தான் நல்ல குரல் என்று அவரை மேடையில் ஏற்றினார்கள்.

"கை தட்டின ஆக்களெல்லாம் வீட்ட போய்ச் சோறு தின்டு படுத்தாங்க. அவனத் தேடித்தான் ஆமி ஜீப் வந்த."

அம்மா, "அது அங்க. இது வேற நாடு" என்றாள்.

"எந்த நாடெண்டு அவங்களுக்கே தெரியாமத்தானே வோட்டு வைக்கிறாங்க!"

அண்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா பார்த்த பார்வையில் நின்றது.

எனக்கு இரண்டு பயம். வாசித்தால் அப்பா. வாசிக்காவிட்டால் மதாம், சோஃபி, மெ.க. இதுவும் பயம்தான்: அந்தப் பத்தி எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்தபடியால் நான் யாருக்காவது துரோகியா?

ஒக்டோபர் 26, வியாழன்

ஜீப் கனவு. எங்கள் தெருவில், பனியில்.

ஒக்டோபர் 27, வெள்ளி

தொண்டை நோ என்று பொய். கழுத்தில் அம்மாவின் சால்வை. மதாம் நம்பி, தேன் மிட்டாய் தந்தார். சாப்பிட முடியவில்லை, பொக்கெற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

சோஃபியே வாசித்தாள். பஸ் தவறிப்போகும் என்பதுபோல் வசனங்களில் ஓடினாள். ஒரு வசனத்தை முழுதாக விழுங்கினாள். என் வாய் தானாக அசைந்தது. பின் வரிசையில் மெ.க., கோட்டும் டையும் போட்டுக்கொண்டு. என்னைத் தேடினார். குனிந்துகொண்டேன்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "வாசிக்கல்லதானே?"

"இல்ல."

முட்டை பொரித்து என் தட்டில் வைத்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும்.

ஒக்டோபர் 30, திங்கள்

எழுத வேண்டியது நிறைய. 

அப்பாவும் அம்மாவும் காலையிலேயே போய் வாக்களித்தார்கள். குடியுரிமை கிடைத்த பிறகு முதல் தரம். எதற்கு என்று அண்ணா கேட்டான். "பொஞ்சாதிக்கே சொல்லல்ல, உனக்குச் சொல்லுறதா?" என்றார் அப்பா. அம்மா, "ரெண்டு பேரும் ‘வேண்டாம்’தான்" என்று சொல்லிவிட்டாள்.

பிறகு அம்மா ஆயத்தங்களைத் தொடங்கினாள். ஊரில் தேர்தல் முடிந்தால் ஊரடங்கு, கரண்ட் வெட்டு, தண்ணீர் வெட்டு. ஆகவே: அரிசி, பருப்பு, மெழுகுதிரி, பனடோல் மாத்திரை, பாஸ்போட்டுகள் ஒரு பையில். இரவு, முடிவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், குளிக்கும் தொட்டியிலும் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

அப்பா லீவு. எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால். ‘ஆம்’ முன்னால், பிறகு சமம், பிறகு மயிரிழையில் ‘வேண்டாம்’. கீழ் வீட்டில் முதலில் கூச்சல், பிறகு ஒன்றுமில்லை. மேடையில் ‘ஆம்’ பக்கத் தலைவர், தோற்றதற்குக் காரணம் பணமும் வேற்று இனத்தவரின் வாக்கும் என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது.

அந்த நேரம் கதவில் இடி. விரலால் இல்லை, முஷ்டியால்.

"லைற்ற நூத்து" என்று சுவிச்சைக் காட்டினார் அப்பா. என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். அவருடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டேன். நனைந்திருந்தது, வேர்வை.

"தண்ணி! தண்ணி!" வெளியே மெ.க.வின் குரல்.

அப்போதுதான் அம்மா, "ஐயோ, தொட்டி!" என்றாள்.

குளியலறை முழுக்க வெள்ளம். மெ.க. வீட்டு உட்கூரையிலிருந்து அவருடைய சோபாவுக்கு ஒழுகியதாம். அப்பா குழாயை மூட, நானும் அண்ணாவும் துவாயால் ஒற்ற, மெ.க. கோபத்தில் சிவந்து நின்றார். கண் முதலே சிவந்திருந்தது. மெழுகுதிரிகளைப் பார்த்தார். அரிசி மூட்டையைப் பார்த்தார்.

"இதெல்லாம் எதுக்கு?"

சொன்னேன். வாக்கெடுப்பு முடிந்தால் தண்ணீரை வெட்டுவார்கள் என்று அம்மா நினைத்தாள்.

"யார் வெட்டுறது? நானா?"

 அவர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். சிரித்தார், பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆனது. அம்மா காய்ந்த துவாய் ஒன்றைக் கொடுத்தாள். முகத்தைத் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை உன்னைக் கேட்க வந்தேன், சின்னவளே. இனி அதை யாரும் வாசிக்கமாட்டார்கள்."

அப்பா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

சொன்னேன். அப்பா போய் முன்கதவைப் பூட்டினார். யன்னல் திரையையும் இழுத்துவிட்டார். திரும்பி வந்து, "அந்த மனிசனுக்கு வாசி" என்றார்.

தாள் தேவைப்படவில்லை. ஈரத் தரையில் நின்று, மெதுவாக. நீள வசனத்தில் மூச்சு போதவில்லை, நின்று தொடர்ந்தேன். மெ.க. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அப்பா, "தமிழில சொல்லு" என்றார். பனி, நிலம், தாங்கிக்கொண்டு நின்ற ஆட்கள், அவர்களின் பேச்சு. தெரிந்தமாதிரிச் சொன்னேன். அப்பா மூடிய குழாயை மறுபடி இறுக்கினார்.

"தம்பி வாசிச்சதும் இப்பிடித்தான். அது மழையில தொடங்கும்."

மெ.க. என்னிடம், "என்ன சொல்றார்?" என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். இதைச் சொல்லலாமா, கூடாதா?

"சொல்லு" என்றார்.

சொன்னேன். ஜீப்பையும். சித்தப்பாவின் பெயரையும்: கமலநாதன்.

மெ.க. எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். பிழை. மறுபடி சொன்னார். அதுவும் பிழை. அப்பா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார்.